பத்திரத்தில் 1 ஏக்கர் 12 சென்ட், பட்டாவில் 0 - 45.50, தரகர் சொல்வது 4 மா: எது சரி?

#1 வரப்போரம்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு நன்செய் வயல் விலைப் பேச்சில் இருக்கிறது. ஒரே வயலுக்கு நாலு கணக்கு வருகிறது.

பழைய தாய்ப் பத்திரம்: 1 ஏக்கர் 12 சென்ட்.
பட்டா: 0 - 45.50.
தரகர்: "நாலு மா சுளையா இருக்கு."

நாலாவது புலப்படம், அதாவது வயலின் சர்வே படம். கையால் வரைந்த பழைய படத்தின் நகல். கன்னி (தென்மேற்கு) மூலையிலிருந்து ஈசான (வடகிழக்கு) மூலைக்கு ஒரு நீளக் கோடு, அதன் முடிவில் 640. அந்தக் கோட்டில் 240 என்று குறித்த இடத்திலிருந்து வாயு (வடமேற்கு) மூலைக்குச் செங்குத்தாக 200. 360 என்ற இடத்திலிருந்து அக்னி (தென்கிழக்கு) மூலைக்கு 150. இரண்டு முக்கோணம் என்று பார்த்தால் 640 × 350 ÷ 2 = 1,12,000. இதைச் சதுர மீட்டர் என்று எடுத்தால் 11.2 ஹெக்டேர், 27 ஏக்கருக்கு மேல் வருகிறது! எங்கே தப்பு?

#2 சங்கிலி_66

கணக்கு சரி, அலகுதான் தப்பு. அந்தப் படத்தில் இருப்பது மீட்டர் இல்லை, லிங்க்.

பழைய புலப்படங்கள் குண்டர் சங்கிலியால் அளந்தவை. எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் கொண்டுவந்தது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க்: 7.92 அங்குலம், 20.1168 சென்டிமீட்டர். 66 என்ற விசித்திர எண்ணை ஏன் பிடித்தார் என்றால், 10 சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர் ஆகிறது. அதாவது 1,00,000 சதுர லிங்க் ஒரு ஏக்கர், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். பெருக்கி வந்த எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை வெட்டினால் சென்ட் கையில் நிற்கும்.

உங்கள் 1,12,000-இல் மூன்று சைபரை வெட்டுங்கள்: 112 சென்ட், அதாவது 1 ஏக்கர் 12 சென்ட். பத்திரம் இந்தப் படத்திலிருந்துதான் பிறந்திருக்கிறது.

படம் லிங்கா மீட்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. பரப்பைக் கணக்கிட்டு அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) உள்ள பரப்போடு வகுத்துப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் வந்தால் அலகு சரி. 24.7 மடங்கு என்று வந்தால் லிங்கை மீட்டராகப் படித்திருக்கிறீர்கள். 11.2 ஹெக்டேரைப் பட்டாவில் உள்ள 0.455 ஹெக்டேரால் வகுத்துப் பாருங்கள், 24.6 வரும்.

பொதுவாக, இணையத்தில் இறக்கும் புதிய படத்தில் அளவு மீட்டரில், தசமப் புள்ளியோடு இருக்கும். கையால் வரைந்த பழைய படத்தில் முழு எண்களாக இருந்தால் லிங்க் என்று முதலில் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: நகலின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஜெராக்ஸ் இயந்திரம் 97 சதவீதமாகச் சுருக்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

#3 வரப்போரம்

மூன்று சைபரை வெட்டினால் சென்ட்! நன்றி அண்ணா. பத்திரமும் படமும் ஒத்துப்போய்விட்டன. ஆனால் பட்டாவில் உள்ள 45.50 ஏரை (ஏர் என்றால் 100 சதுர மீட்டர்) 2.471-ஆல் பெருக்கினால் 112.43 சென்ட் வருகிறதே? 0.43 சென்ட் என்றால் 188 சதுர அடி. அது எங்கிருந்து முளைத்தது?

#4 ஹெக்டேர்காரன்

முளைக்கவில்லை, முழுமையாக்கியது. 112 சென்ட்டை 0.404686-ஆல் பெருக்குங்கள்: 45.32 ஏர். பழைய ஏக்கர் கணக்கை ஹெக்டேருக்கு மாற்றிய பதிவேடுகளில் பெரும்பாலும் அரை ஏருக்குத் திருத்திதான் எழுதியிருப்பார்கள். அதனால்தான் கிராமத்துப் பட்டாக்களை வரிசையாகப் பார்த்தால் .00 அல்லது .50 என்றே முடியும். 45.32-க்குக் கிட்டத்து அரை 45.50. ஏக்கர் நிலத்தின் பட்டாவில் 0 - 40.50 என்று இருப்பதும் இதே கதைதான், உண்மையில் அது 40.47.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. அரை ஏருக்குத் திருத்தும்போது வரக்கூடிய அதிகபட்சப் பிழை கால் ஏர், அதாவது 25 சதுர மீட்டர், 0.62 சென்ட், சுமார் 269 சதுர அடி. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இதற்குள் வித்தியாசம் என்றால் அது எழுத்துவேலை, பதற வேண்டாம். 2 சென்ட், 3 சென்ட் என்று வந்தால் அது திருத்தத்தால் வந்ததில்லை. உட்பிரிவு தப்பாக விழுந்ததா, பாதைக்கோ வாய்க்காலுக்கோ போனதா, பக்கத்துப் பட்டாவில் ஏறிவிட்டதா என்று தோண்ட வேண்டும்.

புல எண் முழுவதற்கும் ஐந்து உட்பிரிவு இருந்தால் ஐந்திலும் தனித்தனியாகத் திருத்தம் நடந்திருக்கும். கூட்டினால் தாய் எண்ணோடு அரை ஏர், ஒரு ஏர் பிசகலாம். அதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

#5 மனையடி

பட்டா படிக்கிற இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கு, சொல்லிடறேன். கோட்டுக்கு முன்னாடி இருக்கிறது ஹெக்டேர், பின்னாடி இருக்கிறது ஏர். அது தசமப் புள்ளி இல்லை. "1 - 4.50" என்று இருந்தால் 1 ஹெக்டேர் 4½ ஏர், அதாவது 1.045 ஹெக்டேர், 258.2 சென்ட். அவசரத்தில் 1.45 ஹெக்டேர் என்று படித்தால் 358.3 சென்ட். சைபர் ஒன்றை விட்டதுக்கு முழுசா ஒரு ஏக்கர் ஏறிடும். எக்செல்லில் ஒரே கட்டத்தில் அடிக்காதீங்க. ஹெக்டேருக்கு ஒரு கட்டம், ஏருக்கு ஒரு கட்டம். முதலாவதை 247.105-ஆலும் இரண்டாவதை 2.47105-ஆலும் பெருக்கிக் கூட்டுங்க.

நகர நில அளவைப் பதிவேட்டில் மூணு பகுதியா வரும்: ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். 0 - 2 - 45 என்றால் 245 சதுர மீட்டர், 2,637 சதுர அடி. அதை 2.45 சென்ட் என்று படிச்சு விலை பேசினவங்க உண்டு.

இப்ப தரகர் விஷயம். நாலு மா எப்படி வந்துச்சாம்? நாலு பக்க அளவு ஏதாவது கொடுத்தாரா?

#6 வரப்போரம்

கொடுத்தார். டேப் பிடித்து அளந்தது: மேற்கு 206 அடி, வடக்கு 295, கிழக்கு 210, தெற்கு 257. அவர் கணக்கு:

(206 + 210) ÷ 2 = 208
(295 + 257) ÷ 2 = 276
208 × 276 = 57,408 சதுர அடி

குழி 144 சதுர அடி, மா 100 குழி, ஆக 14,400-ஆல் வகுத்தால் 3.99 மா. "நாலுன்னு வச்சுக்குங்க" என்றார். சென்ட்டில் 131.8. பத்திரத்தைவிட 20 சென்ட் கூடுதல். டேப் பிடித்தபோது நானும் கூட இருந்தேன், அளவில் பிசகு இல்லை.

#7 சங்கிலி_66

அளவில் பிசகு இல்லைதான். லிங்க் கணக்கோடு ஒட்டிப் பார்த்துவிட்டேன். படத்தின்படி மேற்கு வரப்பு: 240-இன் வர்க்கமும் 200-இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் 312.4 லிங்க். ஒரு லிங்க் 0.66 அடி, ஆக 206.2 அடி. தெற்கு வரப்பு 390 லிங்க், 257.4 அடி. அவர் டேப்பும் பழைய சங்கிலியும் அரை அடிக்குள் ஒத்துப்போகின்றன. கல்லும் வரப்பும் இடம் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கோளாறு சராசரி எடுத்ததில். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது நாலு மூலையும் 90 டிகிரியாக இருந்தால் மட்டுமே சரி. மூலை சாயச் சாய பரப்பு குறையும், ஆனால் பக்க நீளம் அப்படியே இருக்கும். பத்து அடிச் சட்டம் நாலை ஆணியடித்துச் சதுரம் செய்து, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளுங்கள். சட்டம் நீளம் மாறாது, நடுவில் உள்ள இடம் ஒடுங்கிக்கொண்டே போகும். உங்கள் வயலின் கன்னி மூலை 62 டிகிரிதான் வருகிறது. நன்றாகச் சாய்ந்த வயல்.

இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. எந்த நாற்கரமானாலும் கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைக்காது. அதனால்தான் விற்கிறவர் பக்கம் இது இவ்வளவு செல்வாக்கு. புதிதும் அல்ல: எகிப்தில் எட்ஃபு கோயில் கல்வெட்டில் நிலப் பரப்புக்கு இதே சூத்திரம்தான் இருக்கிறது.

#8 குறுவை

எங்க பக்கம் காலங்காலமா சராசரிதான் போடறோம் அண்ணே. உழவு கூலி, அறுப்பு கூலி எல்லாம் அந்தக் கணக்குலதான். பெருசா ஒண்ணும் தப்பு வந்ததில்ல.

#9 சங்கிலி_66

குறுவை தம்பி, வயல் ஏறக்குறைய சதுரிப்பாக இருந்தால் தப்பு வராது என்பது உண்மை. மூலை 85 டிகிரிக்கு மேல் நின்றால் இழப்பு அரை சதவீதத்துக்குள். 80 என்றால் ஒன்றரை. 70-க்கு வந்தால் 6 சதவீதம்: 60-க்கு 40 என்று அளந்த மனையில் 2,400 இருக்காது, 2,255 சதுர அடிதான் இருக்கும். கூலிக்கு இது ஓடும். கிரயத்துக்கு ஓடாது.

வரப்போரம், உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அளவு கூடுதலாக: குறுக்குக் கோடு. நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பைச் சொல்லவே முடியாது, குறுக்கும் வேண்டும்.

எந்தக் குறுக்கு? இரண்டு இருக்கிறது. கன்னி–ஈசானம் 422.4 அடி (640 லிங்க்). வாயு–அக்னி 244.2 அடி (370 லிங்க்). குட்டையை அளங்கள். காரணம் இருக்கிறது. நீளக் குறுக்கை எடுத்தால் தெற்குப் பக்க முக்கோணம் 210, 257, 422.4 என்று தட்டையாக விழும். 210-ம் 257-ம் கூட்டினாலே 467தான். அப்படிப்பட்ட ஒடிசல் முக்கோணத்தில் டேப் ஓர் அடி தப்பினால் மொத்தப் பரப்பு 260 சதுர அடி ஆடும், 0.6 சென்ட். குட்டைக் குறுக்கில் அதே ஓர் அடித் தப்புக்கு 150 சதுர அடிதான் ஆடும்.

படத்து எண்ணை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

மேற்கு 206, தெற்கு 257, குறுக்கு 244.2. மூன்றையும் கூட்டிப் பாதி: 353.6. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 147.6, 96.6, 109.4. நாலையும் பெருக்கி வர்க்கமூலம்: 23,485 சதுர அடி.

வடக்கு 295, கிழக்கு 210, குறுக்கு 244.2. பாதி 374.6. கழித்தது 79.6, 164.6, 130.4. பெருக்கி மூலம்: 25,298.

கூட்டினால் 48,783. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதனால் 435.6-ஆல் வகுத்தால் 111.99 சென்ட்.

மாவில் 3.39. தரகர் சொன்ன நாலில் 0.61 மா காற்றில் இருக்கிறது.

#10 மனையடி

435.6 என்று போட்டதை எல்லாரும் கவனிங்க. 435 என்றோ 436 என்றோ போடறவங்க இருக்காங்க. ஏக்கருக்கு 60 சதுர அடி, 40 சதுர அடி பிசகிடும். பெரிசில்லதான், ஆனா ரெண்டு பேர் ரெண்டு எண்ணைப் போட்டுட்டு சண்டை போடும்போது காரணம் தெரியணும்.

அதைவிட மோசம், மீட்டரை அடியாக்குற 3.28-ஐ எடுத்துச் சதுர மீட்டரைப் பெருக்குறது. சதுர மீட்டருக்கு 10.764.

#11 ஹெக்டேர்காரன்

குழி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை வேண்டும். தஞ்சை, திருவாரூர் பக்கம் நிலம் அளக்கும் கோல் 12 அடி, குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி 2,88,000 சதுர அடி, 6.61 ஏக்கர். வாய்ப்பேச்சில் மாவை ஏக்கரில் மூன்றில் ஒன்று என்று வைத்து 6.67 என்பார்கள். ஒரு வேலிக்கு 5½ சென்ட் வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி).

செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய கணக்கில் கோல் 24 அடி. குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். 24 மனை ஒரு காணி என்பதும் அதே எண்தான், மனை 2,400 ஆகையால். வேடிக்கை என்னவென்றால் தரகர் சொன்ன "நாலு மா"வும் 57,600-தான், சரியாக ஒரு காணி. ஆக அங்கே 100 குழி என்பது இங்கே 400 குழி. பழைய பத்திரத்தில் வெறுமனே "குழி" என்று இருந்தால் எந்த ஊர்க் கோல் என்று தெரியாமல் பெருக்காதீர்கள். அதே பத்திரத்தில் எங்காவது ஏக்கர் சென்ட்டும் எழுதியிருக்கிறதா என்று தேடி, அதிலிருந்து குழியைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பதுதான் பாதுகாப்பு.

#12 யாழ்_பரப்பு

எங்கட பக்கம் குழி இன்னொரு கணக்கு. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். பரப்பு எண்டால் 10 பேர்ச். பேர்ச் 272¼ சதுர அடி ஆனபடியால் பரப்பு 2,722½ சதுர அடி, குழி 151¼. உங்கட 144-க்குக் கிட்ட நிக்கிறதால சிலபேர் ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சுப் போடுகினம். இந்த வயல் இங்க இருந்தால் 17.92 பரப்பு எண்டு சொல்லுவம். கொழும்புப் பக்கம் பேச்சு முழுக்கப் பேர்ச்சிலதான், 160 பேர்ச் ஒரு ஏக்கர்.

#13 வரப்போரம்

அருமை. கைபேசிச் செயலியில் வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பு காட்டுகிறதே, அதையும் ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

#14 சங்கிலி_66

பார்க்கலாம், நம்ப வேண்டாம். கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் வரை ஆடும். உங்கள் வயலின் சுற்றளவு 968 அடி, 295 மீட்டர். எல்லாப் பக்கமும் 1 மீட்டர் வெளியே தள்ளிப் பதிந்தால் கிட்டத்தட்ட 295 சதுர மீட்டர் கூடும், 7 சென்ட்டுக்கு மேல். பத்து ஏக்கர் தோப்புக்கு உத்தேசமாகப் பார்க்கச் சரி. 60-க்கு 40 மனைக்கு அதே 1 மீட்டர் 27 சதவீதம்.

செயலியை விடுங்கள், டேப்பிலேயே வரப்பு ஏமாற்றும். வரப்பு ஒன்றரை அடி அகலம் என்றால் எல்லை அதன் நடுவில், அல்லது கல் இருக்கும் இடத்தில். நடுவை விட்டு வெளிவிளிம்பில் டேப் பிடித்தால் சுற்றிலும் முக்கால் அடி கூடும். 968 × 0.75 = 726 சதுர அடி, 1.67 சென்ட். அதனால் வரப்பிலிருந்து அளக்காமல் கல்லிலிருந்து கல்லுக்கு அளங்கள்.

மற்றபடி டேப்பில் நடக்கும் தப்புகள்:

பூச்சியம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில டேப்பில் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து, சிலதில் துணியில் கொஞ்சம் தள்ளி. ஒரே அளவில் இரண்டு முறை இழுத்தால் தப்பும் இரண்டு முறை சேரும்.

30 மீட்டர் டேப் 98.4 அடிதான். 244 அடிக்கு மூன்று முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் குச்சி ஊன்றி, முடிவில் குச்சியை எண்ணுங்கள். கோட்டை விட்டு அரை அடி விலகினால் நீளத்தில் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு இழுப்பை எண்ண மறந்தால் 98 அடி போய்விடும், நிஜத்தில் அதிகம் நடப்பது இதுதான்.

பைபர் டேப் பழசானால் நீளும். இரும்பு டேப்போடு பக்கத்தில் வைத்து 30 மீட்டருக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். 3 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் நீளத்தில் ஆயிரத்தில் ஒன்று, பரப்பில் ஆயிரத்தில் இரண்டு. நீண்ட டேப் குறைவாகக் காட்டும், கூட்டாது. பலர் இதைத் தலைகீழாகத் திருத்துகிறார்கள்.

டெல்டாவில் சரிவு கவலை இல்லை. கொடைக்கானல், ஏற்காடு பக்கம் வாங்குகிறவர்கள் நினைவில் வையுங்கள்: பரப்பு என்பது கிடைமட்டத்தில்தான். 15 டிகிரிச் சரிவில் தரையோடு 100 அடி அளந்தால் கணக்கில் 96.6 அடி.

#15 மனையடி

அடி அங்குலம் எழுதறதையும் சேர்த்துக்குங்க. 40 அடி 6 அங்குலத்தை 40.6 என்று எழுதிடறாங்க, அது 40.5. 40 அடி 11 அங்குலத்தை 40.11 என்று எழுதினா இன்னும் மோசம், அது 40.92. 30 அடி 6 அங்குலம், 50 அடி 9 அங்குலம் உள்ள மனை 1,547.9 சதுர அடி. புள்ளி வச்சு 30.6 × 50.9 போட்டா 1,557.5. அங்குலத்தை 12-ஆல் வகுத்துட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடணும். இல்லேன்னா ஆரம்பத்திலிருந்தே மீட்டர் பக்கம் அளந்திடுங்க, டேப்பைத் திருப்பினா இருக்கு.

விலையை மாத்தும்போது திசை திரும்பும், அதையும் பாத்துக்குங்க. பரப்பு சதுர அடியிலிருந்து சதுர மீட்டருக்குப் போனா வகுக்கணும், விலை அதே வழியில போனா பெருக்கணும். சதுர அடி 1,000 ரூபாய் என்றால் சதுர மீட்டர் 10,764, சென்ட் 4,35,600, கிரவுண்டு 24 லட்சம். அலகு பெருசானா விலையும் பெருசா வரணும். வரலைன்னா தலைகீழாப் போட்டிருக்கீங்க.

#16 குறுவை

சரி அண்ணே, சராசரியை விட்டுட்டேன் 🙂 ஒரு கேள்வி. உரப் பரிந்துரை எல்லாம் ஹெக்டேர் கணக்குல வருது. நாங்க மாவுல பேசறோம். சட்டுனு மாத்த வழி இருக்கா? நெல்லுக்கு 150:50:50-ன்னு வச்சுக்குங்க.

#17 ஹெக்டேர்காரன்

ஒரு ஹெக்டேரில் 7.47 மா இருக்கிறது. ஏழரை என்று வைத்து வகுத்தால் போதும், தழைச்சத்து மாவுக்கு 20 கிலோ, மணியும் சாம்பலும் 6.7 கிலோ.

அது சத்துக் கணக்கு, மூட்டைக் கணக்கு இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. 20-ஐ 0.46-ஆல் வகுத்தால் 43.5 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ என்பதால் மாவுக்கு ஒரு மூட்டை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம், மூன்று நாலு தவணையாகப் பிரித்து. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம், ஆக 42 கிலோ. பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதவீதம், 11 கிலோ. டிஏபி போட்டால் அதில் 18 சதவீதம் தழையும் வருகிறது, அதை யூரியாவில் கழிக்க வேண்டும்.

வயல் நாலு மா என்று நம்பி 3.39 மாவில் நாலு மூட்டை கொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? பயிர் கருகருவென்று நின்று சாயும், இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து.

#18 வரப்போரம்

குறுக்கு அளந்தாயிற்று. மூன்று இழுப்பு, குச்சி ஊன்றி, இரண்டு முறை. வாயு மூலையிலிருந்து அக்னி மூலைக்கு 244 அடி 2 அங்குலம். 244.17 என்று போட்டேன் (மனையடி சார் கவனத்துக்கு). 48,779 சதுர அடி, 111.98 சென்ட்.

இரண்டு சந்தேகம் பாக்கி. கிரயத்தில் எந்த எண்ணை எழுதுவது? இன்னொன்று, வாயு மூலையில் கல் இல்லை. வரப்பு மூலையை வைத்துத்தான் அளந்தோம். அந்த மூலை சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

#19 ஹெக்டேர்காரன்

சொத்து விவரத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: பட்டாப்படி 0 ஹெக்டேர் 45.50 ஏர், தாய்ப் பத்திரப்படி 1 ஏக்கர் 12 சென்ட். புல எண், உட்பிரிவு, நான்கெல்லை விட்டுப்போகக் கூடாது. அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் நான்கெல்லைக்குத்தான் பலம் அதிகம். விலையை மட்டும் 112 சென்ட்டுக்குப் பேசுங்கள். மா கணக்கில் பேசினால் 3.39 என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

#20 சங்கிலி_66

கல் இல்லாத மூலைக்குப் புலப்படமே வழி சொல்கிறது. கன்னி மூலைக் கல்லுக்கும் ஈசானக் கல்லுக்கும் கயிறு கட்டுங்கள். முதலில் அது 422 அடி 5 அங்குலம் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வந்தால், கன்னி மூலையிலிருந்து 240 லிங்க், அதாவது 158 அடி 5 அங்குலத்தில் குச்சி. அங்கிருந்து செங்குத்தாக 132 அடி.

செங்குத்துக்கு 30-40-50 அடி முக்கோணம் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கோணம் ஒரு டிகிரி பிசகினால் 132 அடியில் 2 அடி 4 அங்குலம் பக்கவாட்டில் போய்விடும். அதனால் இரண்டு டேப் வேண்டும். ஒன்றைக் கன்னி மூலையில் பிடித்து 206 அடி 2 அங்குலம், இன்னொன்றை ஈசானத்தில் பிடித்து 295 அடி 2 அங்குலம். இரண்டும் சந்திக்கிற இடமும் செங்குத்தில் வந்த இடமும் ஓர் அடிக்குள் இருந்தால் மூலை அதுதான். பக்கத்து வயல்காரரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாகப் போய்க் குச்சி ஊன்ற வேண்டாம்.

இது உங்கள் நிச்சயத்துக்கு மட்டும். கல் நட உங்களுக்கு அதிகாரம் இல்லை. இப்போதைய உரிமையாளர் பெயரில், எல்லை காட்டக் கோரி மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நில அளவையர் வந்து நடட்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இது முடிய வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிடுங்கள்.

#21 வரப்போரம்

சொல்லிவிட்டேன். "மூணே முக்கால்னு வச்சுக்கலாமே" என்கிறார்.

#22 மனையடி

3.39. அதுக்கு மேல ஒரு குழி ஏத்தாதீங்க.